பாய்ப்படகு ட்ரெய்லருக்குப் பாரம் குறைந்த பெட்டி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கனடாவில், ஸ்காபரோவில் படகு இறக்கும் துறையில் என் ட்ரெய்லரை நிறுத்தினால், படகைப் பார்ப்பவர்களை விட அதற்குக் கீழே இருக்கும் வெள்ளைப் பெட்டியைப் பார்ப்பவர்கள்தான் அதிகம். படகு ஒரு பழைய லேசர், ஒருவர் ஓட்டும் சின்னப் பாய்ப்படகு, 2019 முதல் போட்டிகளில் இல்கா என்று அழைக்கப்படுவது. பெட்டி நானே செய்தது. நம் ஆட்களில் பாய்ப்படகு ஓட்டப் பழகுகிறவர்கள் கூடி வருகிறார்கள், அவர்கள் கேட்கும் கேள்விகளும் திரும்பத் திரும்ப ஒன்றாகவே இருப்பதால், கேட்டது கேட்டபடி எழுதிப் பதில்களையும் சேர்த்திருக்கிறேன். படகு வேறாக இருந்தால் அளவுகள் மாறும், முறை மாறாது.

அண்ணை, பெட்டி எதுக்கு? சாமான் எல்லாத்தையும் காருக்குள்ள போடேலாதோ?

போடலாம், நானும் இரண்டு வருடம் அப்படித்தான் போட்டேன். ஈரமான உயிர்காப்பு அங்கியும் மணல் ஒட்டின கயிறும் காருக்குள் கிடந்தால் நாற்றம்தான் வரும், அதைக் கழுவிவிடலாம். சிக்கல் டாகர்போர்டிலும் சுக்கானிலும் இருக்கிறது. படகின் நடுவே தண்ணீருக்குள் இறக்கும் நீளப் பலகைதான் டாகர்போர்டு. அதன் பின் விளிம்பு மெல்லியது, பிரேக் பிடிக்கும்போது சீட்டுக் கம்பியில் ஒரு தடவை இடித்தாலே சில்லு பெயர்ந்துவிடும். பெயர்ந்த இடத்தை ரெசின் வைத்து அடைத்து, பழைய வடிவத்துக்குத் தேய்த்து எடுக்க ஒரு முழு வார இறுதி போகும்.

அதனால் என்னைப் பொறுத்தவரை இந்தப் பெட்டி அந்த இரண்டு பலகைகளுக்கான உறை, மற்றச் சாமான் எல்லாம் மிச்ச இடத்துக்கு. இதை முதலிலேயே முடிவு செய்துவிட்டால் கீழே வரும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் தானாக வந்துவிடும்.

கடையில விக்கிற பிளாஸ்டிக் பெட்டி, கார் கூரைப் பெட்டி எல்லாம் இருக்கே, அதை வச்சுக் கட்டினா என்ன?

கார் கூரைப் பெட்டி பழையது மலிவாகக் கிடைத்து, உங்கள் ட்ரெய்லரில் இடமும் இருந்தால் தாராளமாக வையுங்கள், நல்ல பொருள். ஆனால் பெரும்பாலானவை 15 கிலோவைத் தொடும், அகலமும் அதிகம், படகு உட்காரும் இரண்டு மெத்தைக் கட்டைகளுக்கு நடுவே நுழையாது. படகுக்கு மேலே வைத்தால் பாரம் உயரத்துக்குப் போய்விடும், படகின் தளத்திலும் அழுத்தும்.

பிளாஸ்டிக் சாமான் பெட்டி வேண்டாம். அவை வீட்டுக்குள் வைக்கச் செய்தவை, வெயிலில் ஒரு கோடை நின்றால் உடையத் தொடங்கும், 401 நெடுஞ்சாலையில் மூடி பறந்தால் பின்னால் வருபவரின் கண்ணாடியில் போய் விழும்.

லேசரே 59 கிலோதான், எந்தக் காரும் இழுக்கும். பெட்டி பத்துக் கிலோ கூடினா என்ன ஆகப்போகுது?

காருக்கு ஒன்றும் ஆகாது. பாரம் தெரிவது காரிலிருந்து கழற்றின பிறகுதான். ட்ரெய்லரின் மூக்கைக் கையால் தூக்கித் திருப்பி, சரளைக் கல்லில் தள்ளி, இடுக்கில் கொண்டுபோய் நிறுத்துவது நீங்கள்தான். என் முதல் பெட்டியை வீடு கட்டும் 19 மி.மீ. பிளைவுட்டில், ஸ்க்ரூ போட்டு, கனமான கீல் வைத்துச் செய்தேன். வெறும் பெட்டியே 26 கிலோ. அதை ட்ரெய்லரின் மூக்கில் வைத்ததால், சாமான் போட்ட பிறகு தனி ஆளாகத் தூக்க முடியவில்லை, கிங்ஸ்டனில் ஒவ்வொரு தடவையும் யாரையாவது கூப்பிட வேண்டியிருந்தது. இப்போது இருக்கும் பெட்டி கொக்கி, பட்டை எல்லாம் சேர்த்து 8 கிலோ.

சரி, என்ன அளவில செய்யிறது?

என்னுடையது 140 செ.மீ. நீளம், 40 அகலம், 30 உயரம், ஏறத்தாழ 168 லிட்டர் கொள்ளும். இந்த எண்ணை அப்படியே எடுக்காதீர்கள். உங்கள் டாகர்போர்டை, சுக்கானை, சுக்கான் கைப்பிடியின் நீட்டுக் குழலைத் தரையில் பக்கம் பக்கமாக அடுக்கி, சுற்றி ஐந்து செ.மீ. விட்டுச் சுண்ணக்கட்டியால் கோடு போடுங்கள், அதுதான் உங்கள் பெட்டியின் அடிப்பகுதி. அப்புறம் ட்ரெய்லரில் படகை ஏற்றி, படகின் வயிற்றுக்கும் சட்டத்துக்கும் நடுவே உயரம் எவ்வளவு என்று அளந்து, அதில் 5 செ.மீ. குறையுங்கள், ஏனென்றால் மேடு பள்ளத்தில் படகும் சட்டமும் அசையும்.

"இன்னும் கொஞ்சம் பெரிசாச் செய்வமே" என்ற ஆசை எல்லோருக்கும் வரும். பெரிய பெட்டியை வெறுமையாக விட யாருக்கும் மனம் வராது, கூல்பாக்ஸ், நங்கூரம், கதிரை எல்லாம் உள்ளே போகும், பெட்டியில் மிச்சம் பிடித்த பாரத்தை விட இரண்டு மடங்கு ஏறிவிடும்.

எந்தப் பலகை? வெறும் பிளைவுட் போதுமா, மரைன் பிளைவுட்தான் வேணுமா?

நான் எடுத்தது ஒகூமே என்ற ஆப்பிரிக்க மரத்தில் செய்த மரைன் பிளைவுட், பிஎஸ் 1088 என்ற தரக்குறி உள்ளது. பக்கங்களுக்கும் மூடிக்கும் 4 மி.மீ., அடிக்கு 6 மி.மீ. ஒகூமே லேசான மரம், 244க்கு 122 செ.மீ. தாள் 4 மி.மீ. தடிப்பில் 5 கிலோ அளவில் இருக்கும், 6 மி.மீ. தாள் 8 கிலோ. அதே 6 மி.மீ. பிர்ச் பிளைவுட் 12 கிலோ. என் பெட்டிக்கு மொத்தம் 2.2 சதுர மீட்டர் பலகைதான் தேவைப்பட்டது, அதாவது வெறும் பலகை நாலரைக் கிலோவுக்குள். மிச்சம் ரெசின், கண்ணாடி நார் நாடா, கொக்கி, அடிக்கட்டை, பெயின்ட்.

மலிவாக வேண்டுமென்றால், தரைவிரிப்புக்குக் கீழே போடும் 5 மி.மீ. மெல்லிய பிளைவுட்டிலும் செய்யலாம், செய்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வெட்டின ஓரத்தில் ஓட்டை தெரிந்தால் உள்ளடுக்கில் வெற்றிடம் இருக்கிறது என்று பொருள், அதை ரெசினால் நிரப்பாமல் விட்டால் தண்ணீர் அங்கேதான் குடியிருக்கும். மூன்று நாலு வருடம் தாங்கும். அலுமினியத் தகடு 1.5 மி.மீ. என்றால் சதுர மீட்டருக்கு 4 கிலோ, 4 மி.மீ. ஒகூமேயின் இரண்டு மடங்குக்கும் மேல், அதோடு வளைக்கவும் ரிவெட் அடிக்கவும் கருவி வேண்டும்.

ஒரே தாளில எல்லாம் வெட்டி எடுக்கலாமா?

4 மி.மீ. ஒரு தாள், 6 மி.மீ. அரைத் தாள். மூடி பெட்டிக்கு மேலே தொப்பி மாதிரி இறங்க வேண்டும் என்பதால் 143க்கு 43 வெட்டுங்கள். அதற்குப் பக்கத்தில் 140க்கு 30 இரண்டு, அப்படியே 122 அகலத்தில் 103 போய்விடும், மிச்ச 19 செ.மீ.யில் மூடியின் ஓர விளிம்புக்கு 5 செ.மீ. நாடாக்கள் கிடைக்கும். தாளின் மறுபாதியில் 40க்கு 30 அளவில் முன் பின் பலகைகள் இரண்டு. அரைத் தாளை 61க்கு 244 ஆக நீளவாட்டில் வாங்குங்கள், சதுரமாக வெட்டின அரைத் தாளில் 140 நீளம் வராது. இந்தத் தவறைச் செய்து திரும்பக் கடைக்கு ஓடியவர்கள் இரண்டு பேரை எனக்குத் தெரியும்.

4 மி.மீ. பலகையில ஸ்க்ரூ நிக்காதே, எப்படி மூலை பொருத்தினீங்கள்?

தைத்து ஒட்டும் முறை. பலகைகளின் ஓரத்தில் 15 செ.மீ.க்கு ஒரு சின்னத் துளை போட்டு, மெல்லிய பிளாஸ்டிக் கட்டுப்பட்டைகளால் இழுத்துக் கட்டிப் பெட்டி வடிவத்துக்குக் கொண்டுவாருங்கள். மூலைவிட்டங்களை இரண்டு பக்கமும் அளந்து ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பிறகு எபோக்சியில் (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் ரெசின்) மெல்லிய மரத்தூளும் சிலிக்கா பொடியும் கலந்து வேர்க்கடலை வெண்ணெய் பதத்துக்குக் கொண்டுவந்து, உள்மூலை முழுவதும் தடவி, பழைய கரண்டியின் முதுகால் ஒரே இழுப்பில் வழியுங்கள். அது இறுகியதும் கட்டுக்களை வெட்டி எடுத்துவிட்டு, வெளிமூலைகளைக் கொஞ்சம் உருட்டித் தேய்த்து, உள்ளும் புறமும் 75 மி.மீ. கண்ணாடி நார் நாடாவை எபோக்சியில் ஊறவைத்து ஒட்டுங்கள். இறுகினபின் மூலைதான் பெட்டியிலேயே பலமான இடம்.

இது படகு கட்டும் முறைதான். 1963 இல் இங்கிலாந்தில் வந்த மிரர் என்ற சின்னப் படகைச் செம்புக் கம்பியால் தைத்து, கண்ணாடி நார் நாடாவும் ரெசினும் வைத்து, ஆயிரக்கணக்கானவர்கள் வீட்டு முற்றத்திலேயே கட்டினார்கள். ஒரு பெட்டி செய்து பழகினால் அடுத்தது படகே கட்டலாம் என்று எனக்கு உண்மையிலேயே தோன்றுகிறது, அதனால்தான் இந்த முறையைச் சொல்கிறேன்.

பனிக்காலத்தில பேஸ்மென்ட்டில வச்சுச் செய்யலாமோ?

வேண்டாம் என்றுதான் சொல்வேன். 10 பாகைக்குக் கீழே சாதாரண எபோக்சி ஒழுங்காக இறுகாது, அதனால் கராஜ் சரிவராது. பேஸ்மென்ட்டில் சூடு இருக்கும், ஆனால் காற்று போக வழி இருக்காது, ஆவியும் தேய்க்கும் தூசியும் வீடு முழுக்கப் போகும். எபோக்சி தோலில் படப்பட ஒரு நாள் ஒவ்வாமை வரும், வந்தால் அது திரும்பிப் போகாது, எனவே கையுறை கட்டாயம், தேய்க்கும்போது முகக்கவசமும். பலகை வெட்டுவதைக் குளிரில் முடித்துவிட்டு, ஒட்டுவதை மே கடைசிக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஆறு ஏழு மாலைகள் போதும்.

இறுகின எபோக்சிமேல் சில நேரம் மெழுகு மாதிரி ஒரு படலம் வரும். தேய்ப்பதற்கு முன்னால் அதை வெறும் தண்ணீரும் துணியும் வைத்துக் கழுவி எடுங்கள், இல்லாவிட்டால் பெயின்ட் உரிந்து வரும். பெயின்ட் அடிக்காமல் "மர அழகு தெரியட்டும்" என்று விடவும் கூடாது, வெயில் எபோக்சியைக் கெடுத்துவிடும்.

மெல்லிய மூடி படபடவென்று அடிக்காதா?

தட்டையாக விட்டால் அடிக்கும். மூடியை நடுவில் 15 மி.மீ. எழும்பும்படி வளைத்து விடுங்கள். உள்ளே மூன்று இடத்தில், மேல் விளிம்பை வில்லாக வெட்டின மெல்லிய மரச்சட்டம் வைத்து, அதன்மேல் 4 மி.மீ. பலகையை வளைத்து ஒட்டினால் போதும். பாரம் பெரிதாகக் கூடாமல் மூடி இறுகிவிடும், மழைத்தண்ணீரும் நிற்காமல் ஓடிவிடும். இந்தப் பெட்டியில் எனக்கு மிகப் பிடித்த பகுதி இதுதான். வளைவு இருப்பதால் யாரும் அதன்மேல் உட்காரவும் வருவதில்லை. உட்காரக் கூடாது, தாங்காது.

கீலுக்கு இரும்பு தேவையில்லை, 50 மி.மீ. நைலான் பட்டையை மூன்று துண்டாக வெட்டி ஒட்டி, மேலே அலுமினியத் தகடு வைத்து ரிவெட் அடித்திருக்கிறேன். இழுத்துப் பூட்டும் கொக்கி இரண்டு மறுபக்கத்தில். கொக்கியை மட்டும் நம்பாதீர்கள், பெட்டியைச் சுற்றி இரண்டு பட்டை கட்டாயம் போட வேண்டும், அது ஏன் என்று பொருத்தும் கேள்வியில் சொல்கிறேன்.

தண்ணீர் சொட்டும் உள்ளே போகாமல் அடைத்துவிட்டால் நல்லதுதானே?

இல்லை, காற்றுப் புகாமல் அடைப்பதுதான் பெரிய தவறு. உள்ளே போகிற சாமானே ஈரம், வெளியே போக வழியில்லாவிட்டால் இரண்டே நாளில் பூஞ்சை. மூடியின் 5 செ.மீ. விளிம்பு வெளிப்பக்கம் இறங்கி நிற்பதால் மழை போகாது, சக்கரம் அடிக்கும் சாரலுக்கு முன்பக்கம் மட்டும் மெல்லிய ரப்பர் நுரை நாடா ஒட்டுங்கள். பின்பலகையின் மேல்பகுதியில் இரண்டு காற்றுத் துளை, அடியில் நாலு மூலையிலும் 10 மி.மீ. வடிகால் துளை, எல்லாவற்றுக்கும் உள்ளே கொசுவலை. குளவி கூடு கட்டின பிறகுதான் வலையின் அருமை எனக்கு விளங்கியது. துளை போட்ட ஓரங்களை எபோக்சியால் நனைக்க மறக்க வேண்டாம்.

ட்ரெய்லர்ல எந்த இடத்தில வைக்கிறது? முன்னுக்கா பின்னுக்கா?

சக்கர அச்சுக்குக் கொஞ்சம் முன்னால், நடுக்கோட்டில், எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக. ட்ரெய்லரைக் காரோடு இணைக்கும் கொளுக்கியில் இறங்கும் பாரம் மொத்தத்தில் 10 முதல் 15 விழுக்காடு இருக்க வேண்டும் என்பது வட அமெரிக்க வழக்கம். குறைந்தால் வேகத்தில் ட்ரெய்லர் பாம்பு மாதிரி ஆடத் தொடங்கும், அது மிக ஆபத்து. கூடினால் உங்கள் முதுகுக்குக் கேடு.

என் கணக்கைச் சொல்கிறேன். ட்ரெய்லர் 95, படகும் பாய்மரமும் 80, பெட்டியும் சாமானும் 23, மொத்தம் 198 கிலோ. அப்படியானால் மூக்கில் 20 முதல் 30 கிலோ வரலாம். கொளுக்கியிலிருந்து அச்சு 3 மீட்டர். பெட்டியின் நடு, அச்சுக்கு 1 மீட்டர் முன்னால் இருந்தால் 23 கிலோவில் மூன்றில் ஒன்று, ஏழரைக் கிலோ மட்டும் மூக்குக்குப் போகும். அதே பெட்டியை 2.4 மீட்டர் முன்னால், மூக்கருகே வைத்தால் 18 கிலோ. பெட்டி அதேதான், இடம் மட்டும் மாறியது. மேலே சொன்ன என் முதல் பெட்டியின் பாதிக் குற்றம் அது வைத்த இடத்தில்தான். குளியலறைத் தராசை மூக்குக்குக் கீழே கொளுக்கியின் உயரத்துக்குக் கட்டை வைத்து அளந்து பாருங்கள், பெட்டியைப் பொருத்த முன்னும் பின்னும்.

சட்டத்தில துளை போட்டு போல்ட் அடிக்கலாமா?

வேண்டாம். துத்தநாகம் பூசின சட்டத்தில் துளை போட்டால் அங்கிருந்துதான் துரு தொடங்கும், இங்கே வீதிக்குப் போடும் உப்புக்கு அது விருந்து. பெட்டியின் அடியில் குறுக்காக இரண்டு மரக்கட்டை ஒட்டி, அந்தக் கட்டைகளை யு-போல்ட் கொண்டு சட்டத்தோடு பிடியுங்கள். நடுவே ரப்பர் துண்டு வையுங்கள், நட்டு நைலான் உள்ளதாக இருக்கட்டும், சாதாரண நட்டு அதிர்வில் கழன்றுவிடும். போல்ட் வரும் இடத்தில் பெட்டிக்குள்ளே இன்னொரு துண்டுப் பலகை ஒட்டித் தடிப்பாக்கிப் பெரிய வாஷர் போடுங்கள்.

யு-போல்ட் பெட்டியை இடத்தில் வைத்திருக்கும். ஒரு பள்ளத்தில் விழுந்து எழும்பும்போது 15 கிலோ சாமான் மூடியை உள்ளிருந்து இடிக்கும், அந்த அடியை மெல்லிய பலகை வாங்கக் கூடாது. அதற்குத்தான் பெட்டியைச் சட்டத்தோடு சேர்த்துச் சுற்றிக் கட்டும் இரண்டு பட்டைகள்.

பாய் எங்கே வைக்கிறது? பெட்டிக்குள்ள மடிச்சு வைக்கலாமா?

பாயை மடிக்காதீர்கள், சுருட்டுங்கள். சுருட்டினால் பூம் என்ற, பாயின் கீழ்ப்பக்கத்தைப் பிடிக்கும் கிடைக் குழாயின் நீளம், 2.75 மீட்டர் அளவில் வரும், அதற்குப் பெட்டி செய்தால் பாரம் எங்கேயோ போய்விடும். 10 அடி நீள, 4 அங்குல, மெல்லிய சுவருள்ள வடிகால் குழாய் ஒன்றை வாங்கி ஒரு பக்கம் நிரந்தர மூடி, மறுபக்கம் திருகு மூடி போட்டு, பெட்டிக்குப் பக்கத்தில் சட்டத்தோடு கட்டுங்கள். பாய் நனைந்த துணிப் பைக்குள் இருந்தால் குழாய்க்குள் தள்ள முடியாது, வெறும் பாயை இறுக்கமாகச் சுருட்டித் தள்ளுங்கள். தாழ்வான முனையில் ஒரு வடிகால் துளை.

பெட்டிக்குள்ள டாகர்போர்டு உருண்டு அடிபடாதா?

படும், பெட்டி செய்து அதை விட்டால் செய்த வேலையே வீண். சின்னப் படகு ட்ரெய்லர்களின் சக்கர ஸ்பிரிங் நம் பாரத்துக்கு மிகவும் கடினம், அதனால் ஒவ்வொரு மேட்டுக்கும் துள்ளும். அடியில் நீர் உறிஞ்சாத நுரைப்பாய், அதன்மேல் டாகர்போர்டு தட்டையாக, ஒரு நுரைத்துண்டு, அப்புறம் சுக்கான், இரண்டையும் சேர்த்து அடியோடு ஒரு ஒட்டுப்பட்டை. உயிர்காப்பு அங்கியை மேலே திணித்தால் அதுவே மெத்தை.

எனக்கு கறுப்புப் பெயின்ட் பிடிக்கும், அடிக்கலாமா?

இந்தப் பெட்டிக்கு வேண்டாம். ஜூலை வெயிலில் கறுப்புப் பெட்டி தொட முடியாமல் கொதிக்கும், வீட்டுச் சூட்டில் இறுகின எபோக்சி 50, 60 பாகையில் இளகத் தொடங்கும், டாகர்போர்டும் இறுக்கிக் கட்டின நிலையில் சூடேறினால் வளைந்து போகும், வளைந்ததை நிமிர்த்துவது லேசில் நடக்காது. வெள்ளை, வெளிர் சாம்பல், வெளிர் மஞ்சள், இவற்றில் ஒன்று.

பொலிஸ் மறிச்சுக் கேட்பாங்களா?

பெட்டிக்காக யாரும் மறித்ததில்லை. ஒன்ராறியோவில் நம்பர் தகடும் பின் விளக்கும் மறையக்கூடாது, ட்ரெய்லர் காரோடு இரண்டு தனித்தனி வழியில் பிணைந்திருக்க வேண்டும், அதாவது கொளுக்கியும் சங்கிலியும். பின்னால் சாமான் 1.5 மீட்டருக்கு நீட்டிக்கொண்டிருந்தால் பகலில் சிவப்புத் துணி, இரவில் சிவப்பு விளக்கு. லேசரின் மேல் பாய்மரத் துண்டு 3.6 மீட்டர், அதைப் படகுக்குமேல் முன்தள்ளிக் கட்டினால் இந்தச் சிக்கலே வராது. இந்த அளவு ட்ரெய்லருக்குத் தனி பிரேக் தேவையில்லை, அது 1,360 கிலோவுக்கு மேல்.

பெட்டியோட ட்ரெய்லரைத் தண்ணிக்குள்ள இறக்கலாமோ?

லேசரைக் கைத்தள்ளுவண்டியில் இறக்குவதுதான் ஒழுங்கு, ட்ரெய்லர் நனையவே தேவையில்லை, சக்கரத்தின் பேரிங்கும் பிழைக்கும். சில துறைகளில் வேறு வழி இருக்காது, அப்போது ஒரு கணக்கை நினைவில் வையுங்கள். 168 லிட்டர் பெட்டி முழுக்க அடைத்திருந்து தண்ணீருக்குள் அமிழ்ந்தால் 168 கிலோவுக்கு மேல்நோக்கித் தள்ளும். ட்ரெய்லரோ 95 கிலோ. படகு இறங்கினதும் ட்ரெய்லர் எழும்பி மிதந்து பக்கவாட்டில் போகப் பார்க்கும், யு-போல்ட் கட்டைகளும் மேல்நோக்கி இழுபடும், அந்தப் பக்கத்துப் பாரத்தை நாம் எண்ணிக் கட்டவில்லை. வடிகால் துளை நாலு போடச் சொன்னதற்கு இது இன்னொரு காரணம். ஆனாலும் 10 மி.மீ. துளையில் தண்ணீர் ஏறுவது மெதுவாகத்தான், எனவே சாமானை எடுத்துவிட்டு மூடியைத் திறந்து வைத்தபடி இறக்குங்கள்.

நுரைப்பலகை நடுவில வச்சு ரெண்டு பக்கமும் கண்ணாடி நார் போட்டா இன்னும் பாரம் குறையாதோ?

குறையும். நீல நிற, இளஞ்சிவப்பு நிற வீட்டுக் காப்பு நுரைப்பலகை கன மீட்டருக்கு 30 கிலோ அளவுதான், 25 மி.மீ. தடிப்பில் இதே பெட்டிக்கு நுரை இரண்டு கிலோகூட வராது. ஆனால் கண்ணாடி நாரும் ரெசினும் முழுப் பரப்புக்கும் இரண்டு பக்கமும் வேண்டும், அதிலேயே மூன்று நாலு கிலோ ஏறிவிடும். கவனமாகச் செய்தால் மொத்தத்தில் ஒன்று இரண்டு கிலோ மிச்சம், செலவும் தேய்க்கும் வேலையும் இரண்டு மடங்கு. போல்ட் வரும் ஒவ்வொரு இடத்திலும் நுரையைத் தோண்டி மரத்துண்டு புதைக்க வேண்டும், இல்லாவிட்டால் நசுங்கும். செய்வதென்றால் எபோக்சி மட்டும் பாவியுங்கள், பொலியெஸ்டர் ரெசின் பட்டால் அந்த நுரை கரைந்துபோகும். ஒரு சின்னத் துண்டில் பூசி ஒரு இரவு வைத்துப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள். இரண்டாவது பெட்டியாகச் செய்வதற்கு இது நல்ல வேலை, முதல் பெட்டிக்கு நான் பிளைவுட்தான் சொல்வேன்.

சீசன் முடிஞ்ச பிறகு பெட்டியை என்ன செய்யிறது?

ஒக்டோபரில் நாலு யு-போல்ட்டையும் கழற்றிப் பெட்டியைக் கராஜுக்குள் கொண்டுபோங்கள், 8 கிலோதானே, ஒரு கையால் தூக்கலாம். மூடியைத் திறந்து சுவரோடு சாய்த்து வைத்து, பெயின்ட் கீறின இடங்களைத் தேய்த்து நனைத்துவிடுங்கள். டாகர்போர்டை மட்டும் உள்ளே விடாதீர்கள், அதை வீட்டுக்குள் தட்டையாக, கட்டிலுக்கு அடியில்.